நான்கு முழத் தொலைவு

(திருவண்ணாமலையில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'தனிவழிப் பயணம்' என்பது. சென்ற தை மாதம் நான் ஒருவனாக மகிழுந்தை ஓட்டிக்கொண்டு, திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டுச் சித்தன்னவாசல், மதுரை, கழுகுமலை, சிதறால் எனத் தென்கோடி வரை சென்று திரும்பியதை அறிந்தே அவர்கள் அவ்வாறு கேட்டார்கள். ஒன்பது நாட்கள், ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். கண்ட இடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது எளிது. ஆனால் அவ்விடங்களைப் பற்றி என்னிலும் நன்கறிந்தோர் நூல்கள் எழுதியுள்ளனர். ஆகையால் அப்பயணத்தின்போதும், அதனினும் மிகுதியாக அது முடிந்த பின்னரும், உள்ளத்தில் ஓடியவற்றையே உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வழிப்பயணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்குக் கவுந்தியடிகள் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. தோளில் உறியும், கையில் கடிஞையும், மயிற்பீலியும் கொண்டு, கோவலன் கண்ணகியோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த சமணத் துறவியார் அவர். புறப்படுமுன் அவர் வழியைப் பற்றிச் சொல்லும் பகுதி நாடுகாண் காதையில் உள்ளது. பாடம் நடத்திய காலத்தில் அதனை மருதநில வருணனை என்றே மாணவர்க்குச் சொல்லிவந்தோம். தேர்விலும் அவ்வாறே கேட்பார்கள். உண்மையில் அது ஒரு வழிநடைப் பட்டியல். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். வயல் வழியே சென்றால், தேன் சிந்திக் கலந்த குளத்து நீரை வேட்கையினால் அறியாமல் பருகிவிட நேரும். களை பறிப்போர் வரப்பில் எறிந்த பூக்களுள் வண்டுகள் கிடக்கும். களைத்த கால் அவற்றின்மேல் படும். கரையோரம் நடந்தால் நண்டும் நத்தையும் மிதிபடும். இவ்வளவும் சொல்லிவிட்டு, வயலும் சோலையும் அன்றி வேறு வழி இல்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். பின்னர் நடக்கத் தொடங்குகிறார்கள்.

குற்றமே நேராத வழி ஒன்று இருப்பதாக அவர் காட்டவில்லை. அப்படி ஒரு வழி இல்லை என்று அறிந்தே நடக்கச் சொன்னார். நம் அறத்தின் நேர்மை இவ்விடத்தில் தெரிவதுபோல வேறெங்கும் எனக்குத் தெரிந்ததில்லை.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி என்பதைச் சிறுவர்களும் அறிவர். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தையும் ஒரே சூத்திரத்தில் எண்ணிச் சொல்கிறது. முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, பகலொளியில், பலர் நடந்து தேய்ந்த வழியில், உயிர்களுக்கு ஊறு நேராதவாறு நடத்தல் ஈர்யா சமிதி. நான்கு முழம் என்பது ஏறத்தாழ ஆறடி. ஏன் நான்கு முழம்? நாற்பது முழமாக இருந்தால் இன்னும் நல்லதன்றோ? சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் உபாத்தியாயரிடம் இவ்வாறு கேட்டிருக்கிறேன். "நாற்பது முழத்தில் எறும்பு தெரியுமாடா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த விடையின் முழுப்பொருள் இந்தப் பயணத்தில்தான் எனக்குக் கணக்காக விளங்கிற்று.

மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவர் ஒரு நொடியில் மூன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கடக்கிறார். ஆறடி நிலத்தைக் காண அவருக்கு ஒன்றரை நொடிக்கு மேல் கிடைக்கிறது. ஓர் எறும்புச் சாரையைக் கண்டு காலை எடுத்து வேறிடத்தில் வைக்க அது போதும். நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டியோ ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. அதே நான்கு முழம் ஒரு நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கில் கழிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கண் எதையும் காணாது. கண்டாலும் கை திரும்பாது. நம் முனிவர்கள் ஊர்தியில் ஏறாமைக்குக் காரணம் சொல்லும்போது பழமைப் பற்று என்றும் உடலை வருத்தும் நோன்பு என்றும் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது இந்த எளிய வகுத்தல் கணக்காகவே தோன்றுகிறது. செல்லும் வேகத்துக்கும் காணும் ஆற்றலுக்கும் இடையே ஒரு விகிதம் உண்டு. அதைத் தாண்டியவுடன் ஈர்யா சமிதி நின்றுவிடுகிறது.

இல்லறத்தார்க்கு வண்டி இல்லாமல் இயலாது. மாலையில் முன்கண்ணாடியைத் துடைக்கும்போது அதில் ஒட்டியிருப்பவற்றைக் காணாதவர் இந்த அவையில் ஒருவரும் இருக்கமாட்டார். இல்லறத்தான் செய்யும் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பிரித்து, கருதிச் செய்வதையே அவன் முற்றும் விடவேண்டும் என்று நூல்கள் சலுகை தருகின்றன. அச்சலுகையைச் சொல்லி மனத்தை அமைதிப்படுத்திக்கொள்வது எளிது. எனக்கோ கவுந்தியடிகளின் முறை மேலானதாகப் படுகிறது. என்ன நேரும் என்பதை முன்னதாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு புறப்படுதல் அம்முறை. அவ்வாறு சொல்லிக்கொண்டால் இரவில் ஓட்டத் தோன்றாது. மழையில் விரைய மனம் வராது. நம் நாட்டில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. சாதுர்மாசியமோ வடநாட்டு மழைக்காலத்தை ஒட்டி அமைந்தது. தவளைகள் சாலை கடக்கும் மாதங்கள் நமக்கு வேறு. நான் தை மாதத்தைத் தேர்ந்துகொண்டதற்கு வெயில் குறைவு என்பது மட்டும் காரணமன்று.

ஏன் தனியே சென்றேன் என்பதையும் சொல்லவேண்டும். என் துணைவியார் மறைந்து அப்போது ஓராண்டு நிறைந்திருந்தது. சமணக் குன்றுகள் அனைத்தையும் ஒருமுறை சென்று தொழவேண்டும் என்பது அவருடைய விருப்பம். பணிக்காலத்தில் இயலவில்லை, பின்னர் அவருடைய முழங்கால்கள் இடம் தரவில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுமாறு இருவரும் தொலைபேசியில் மன்றாடினார்கள். பக்கத்து இருக்கையில் வேறொருவர் அமர்வது எனக்கு ஒப்பவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. வந்தவாசிக்கு அருகில் எங்கள் ஊரில் உள்ள பூர்விக வீட்டை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நான் விடை சொல்லவேண்டியிருந்தது. ஊரின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன்; சொன்னால், "எங்கள் ஊரும் அப்படித்தான்" என்று உங்களுள் பாதிப் பேர் எழுந்துவிடுவீர்கள். ஜினாலயம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, பூட்டிய வீடுகள் இருக்கின்றன. மாலையில் விளக்கேறும் நம்மவர் வீடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படித் தமிழ்நாட்டு ஜைனர் 90 ஆயிரத்துக்கும் குறைவு. வடபுலத்திலிருந்து வந்து நகரங்களில் வாழும் ஜைனரும் அந்த எண்ணிக்கையுள் அடக்கம். பழந்தமிழ்ச் சமணக் குடிகள் எத்தனை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் ஒரு தாளில் எல்லை எழுதிக்கொண்டேன். சிராவகர்க்குரிய குணவிரதங்களுள் முதலாவது திசைவிரதம். இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று வரையறுத்துக்கொள்வது அது. அதன் அதிசாரங்கள் ஐந்து. மேல், கீழ், பக்கவாட்டு எல்லைகளைக் கடத்தலும், பரப்பைப் பெருக்கிக்கொள்ளலும் முதல் நான்கு. ஐந்தாவது, வகுத்த எல்லையையே மறந்துவிடுதல். அந்த ஐந்தாவதை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். கைப்பேசியில் வழிகாட்டிச் செயலி வைத்துக்கொண்டு ஓட்டும் நம் காலத்துக்கென்றே அதை யாரோ எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. அச்செயலிக்கு எல்லை என்பது தெரியாது. இன்னும் அருகில் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். என் தாளில் தெற்கெல்லை சிதறால். அங்கிருந்து கன்னியாகுமரி ஒன்றேகால் மணி நேரத் தொலைவுதான். திரும்பி வந்தபின் என்னைக் கண்டவர்கள் அனைவரும் தவறாமல் கேட்டார்கள்: "அவ்வளவு தூரம் போய்விட்டுக் கன்னியாகுமரி பார்க்கவில்லையா?" இல்லை. தாளில் அது இல்லை.

நெடுஞ்சாலைத் தனிமை மனத்தைத் தெளிவிக்கும் என்று பலர் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் இது பாதி உண்மை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரைத் தொழுதுவிட்டுத் திருச்சி சாலையைப் பிடித்த பின், இரண்டு மணி நேரம் எந்த நினைவும் வரவில்லை. அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அது வேலை மிகுதியால் வரும் அமைதி. லாரி, வளைவு, சுங்கச்சாவடி, குறுக்கே வரும் மிதிவண்டி என்று கண்ணும் கையும் உழைத்துக்கொண்டிருக்கும்போது மனம் வாயடைத்து நிற்கிறது. வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன. அதைத் தியானம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் நாள் மாலை சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளத்தையும் பூக்கொய்யும் பவ்வியரையும் நீங்கள் படங்களில் கண்டிருப்பீர்கள். கருவறையில் மெல்ல முனகினால் அறை முழுதும் அவ்வொலி நிறைந்து நிற்கும். காவலர் அதைச் செய்துகாட்டுவதில் மகிழ்ச்சி கொண்டவர். நான்கு முறை செய்துகாட்டினார். மறுநாள் காலை ஏழடிப்பட்டத்துக்கு ஏறினேன். குன்றின் மறுபுறம், பாறையின் நெற்றியில் அமைந்த நீண்ட குகைத்தளம் அது. பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள். ஒவ்வொரு படுக்கையும் ஓர் உடல் கிடக்கும் அளவே. தலைப்பக்கம் கல்லாலேயே சிறிது உயர்த்திய தலையணை. அருகருகே பதினேழு பேர் துயின்றிருக்கலாம். ஆயினும் ஒரு படுக்கையில் ஒருவருக்குமேல் இடமில்லை.

பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் ஏகத்துவம் என்பதைத் தனிமை என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். தனிமை என்றவுடன் ஆளில்லாத அறை, பேச்சற்ற வீடு, வெறுமையான இருக்கை இவைதாம் நினைவுக்கு வருகின்றன. நூல்கள் சொல்வது வேறு. பிறப்பதும் இறப்பதும் வினைப்பயன் நுகர்வதும் ஒருவனாகவே என்னும் உண்மை, நூறு பேர் நடுவிலும் மாறாது. அதற்கு ஆளற்ற சாலை வேண்டியதில்லை. பதினேழு பேர் உறையும் குகையே போதும். இதை அந்தக் கல்லின்மேல் கை வைத்தபோது ஒரு கணம் உணர்ந்தேன் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். அப்போது எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கீழே வண்டியில் இருந்தது. உணர்ந்தது பிறகு.

ஊண் பற்றி ஒரு சொல். பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர் தனியே பயணம் செய்வது இன்றைய உணவு விடுதிகளுக்குப் பெரும் புதிர். மாலை ஐந்து மணிக்குச் சென்றால், "மாவு இப்பத்தான் ஊத்தறோம், ஆறரைக்கு வாங்க ஐயா" என்பார்கள். ஆறரைக்கு நமக்கு நாள் முடிந்துவிடுகிறது. அவலும், பொட்டுக்கடலையும், வெல்லமும், வடிகட்டிய நீரும் இருந்தன, குறையொன்றுமில்லை. இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. கதிர் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வண்டியை நிறுத்தவேண்டியிருந்ததால், ஒவ்வொரு மாலையும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்துக்குக் கிடைத்தது.

மதுரையில் கீழக்குயில்குடிச் சமணர்மலையைத் தொழுது, மூன்றாம் நாள் கழுகுமலை சேர்ந்தேன். அங்கே பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள், ஏறத்தாழ நூற்றைம்பது. பெரும்பாலானவற்றின் அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர் பொறித்திருக்கிறார்கள். மன்னர் பெயர்கள் அல்ல. குரவர்கள், குரத்தியர், ஊர்ப் பொதுமக்கள். குரத்தியர் என்போர் பெண் ஆசிரியர்கள். நம் சமயத்தில் அக்காலத்தில் பெண்கள் ஆசிரியராக விளங்கினர் என்பதற்கு அந்தப் பாறையே சான்று. அவர்களுள் திருச்சாரணத்துக் குரத்தி என்று ஒருவர் பெயர் வருகிறது. திருச்சாரணம் என்பது சிதறால் மலையின் பழம்பெயர். அடுத்த நாள் அந்த வழியைத்தான் நான் வண்டியில் கடந்தேன்: திருநெல்வேலி, நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல். நாகர்கோவிலின் கோட்டாற்றைச் சேர்ந்த குரவர்களும் கழுகுமலையில் திருமேனி செய்வித்திருக்கிறார்கள். ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் இவ்விரு மலைகளுக்கும் இடையே தொடர்பு இருந்தது. அத்தொலைவு எனக்கு ஒரு முற்பகல். நான்கு முழம் பார்த்து நடந்தவர்க்கு அது எத்தனை நாள், எத்தனை ஊர்த் திண்ணை, எத்தனை அறவுரை!

அந்தக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'சார்த்தி' என்பது. இன்னாரைச் சார்த்திச் செய்வித்த திருமேனி என்றால், அவர் பொருட்டு இவர் செய்வித்தது என்று பொருள். நூற்றைம்பது உருவங்களுள் எத்தனையோ இன்னொருவர் பொருட்டு எழுந்தவை. என் துணைவியார் வந்திருந்தால் அத்தனை திருமேனிகளையும் விரல் விட்டு எண்ணியிருப்பார். எங்கு சென்றாலும் அது அவர் வழக்கம். நான் எண்ணவில்லை. சரிவின் கீழே அமர்ந்து, அவரைச் சார்த்திப் பஞ்ச நமஸ்காரம் நூற்றெட்டு முறை சொன்னேன். அன்று மாலை அதிகம் நினைக்கவில்லை. நன்றாக உறங்கினேன் என்பதே நினைவிருக்கிறது.

சிதறாலில் முந்திரித் தோப்பும் காற்றும் நிறைந்த மலைப்பாதை. பாறை முகத்தில் தீர்த்தங்கரர். சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை இயக்கி. இன்று அது பகவதி கோயிலாக வழிபடப் பெறுகிறது. அங்கு வந்திருந்த ஒரு குடும்பத்தார் என்னிடம், "இது யாருடைய சிலை?" என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டுக்கொண்டு, கைகூப்பி, குழந்தையையும் வணங்கச் செய்துவிட்டு நகர்ந்தார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. கோயில் கைமாறியதைப் பற்றிப் புலம்பும் கட்டுரைகளை நம் இதழ்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். அக்குழந்தையின் கூப்பிய கை எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் பட்டது.

திரும்பும் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு நாட்களில் வீடு சேர்ந்தேன்.

இனி, பின்னர் நிகழ்ந்தது. முனிவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சென்று சேர்ந்ததும், வந்த வழியை நினைந்து, நேர்ந்த ஊறுகளை எடுத்துரைத்துக் காயோத்சர்க்கம் செய்வர். ஈர்யாபதப் பிரதிக்கிரமணம் என்பது அதன் பெயர். நடந்து முடிந்ததும் பயணம் முடிவதில்லை. திரும்பப் பார்த்த பின்னரே முடிகிறது. இதை இல்லறத்தானாகிய நான் என் அளவில் செய்து பார்த்தேன். வீடு திரும்பிய மறுநாள் தொடங்கி, ஒவ்வொரு நாளும் மாலையில் இரண்டு நாழிகை அமர்ந்து, ஒன்பது நாள் வழியை ஒரு நாளைக்கு ஒரு பகுதியாக மீண்டும் நடந்தேன். 'நடந்தேன்' என்றே சொல்கிறேன். வண்டியில் 22 மீட்டரை ஒரு நொடியில் கடந்த அதே சாலையை, மனம் இப்போது நான்கு முழம் நான்கு முழமாகக் கடந்தது. ஓட்டும்போது கண்ணில் பட்டும் காணாதவை அப்போது வந்தன. கோவில்பட்டிச் சாலையோரம் கையில் பீடி சுற்றும் முறத்தோடு பேருந்துக்கு நின்ற பெண்மணி. வழியெல்லாம் பூட்டியிருந்த ஓட்டு வீடுகள். அவை நம்மவர் வீடுகள் அல்ல, எல்லாருடைய வீடுகளும். ஏழடிப்பட்டத்துப் படுக்கையின் குளிர்ச்சி. ஏகத்துவம் என்பது வெறுமையான இருக்கையைக் குறிப்பதன்று என்ற தெளிவு வந்ததும் இந்த மாலைகளுள் ஒன்றில்தான். கவுந்தியடிகளும் பயணம் முடிந்த பின்னரே அதனை முழுதும் கண்டார். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு, இவர்கள் வினை என்னோடு வந்தபோதா பயன் தந்தது என்று வருந்தி, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்று நீர்ப்படைக் காதை கூறுகிறது. இன்னொருவர் வினைக்கு அவர் பொறுப்பல்லர் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? அறிந்தும் அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டார்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நம் சமயத்தவர் அல்லர் எனினும் சொல்லத் தகும். 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையிலிருந்து பதினாறு வயது வேங்கடராமன் தனியே புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கெனக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். விழுப்புரம், மாம்பழப்பட்டு வரை ரயில். பணம் தீர்ந்ததும் அறையணிநல்லூர் வரை நடை. கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து மீண்டும் ரயில். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. அதன்பின் 1950 ஏப்ரல் 14 வரை இவ்வூரை விட்டு அவர் நீங்கவே இல்லை. பயணம் நான்கு நாள். அதன் பின்னமைதி ஏறத்தாழ 54 ஆண்டு. ரமணரின் தத்துவம் வேறு, நம் தத்துவம் வேறு. ஆனால் அந்த விகிதத்தை நாம் கவனிக்கலாம்.

அவ்வாறு அமர்ந்த நாட்களில் அருகிலுள்ள இரண்டு இடங்களுக்கு மட்டும் சென்றேன். ஒன்று செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்று. பாறை உச்சியில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர். அங்கே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை உள்ளது. 30 நாள் நோற்ற இளையபட்டாரரின் நிசீதிகையும் உள்ளது. முன்னது வட்டெழுத்தின் மிகத் தொன்மையான கல்வெட்டுகளுள் ஒன்று என்பர். எங்கிருந்து வந்தார், எத்தனை காதம் நடந்தார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நாட்களின் எண்ணிக்கை மட்டும். என் வண்டியின் எண்பலகையில் கிலோமீட்டர் ஏறியிருந்ததை அன்று திரும்பும்போது பார்த்தேன்.

மற்றொன்று போளூரை அடுத்த திருமலை. ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதரைத் தொழாத தமிழ்ச் சமணர் இருக்கமுடியாது. ஆனால் அங்குள்ள முதலாம் இராசேந்திரனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை நின்று படித்தவர் எத்தனை பேர்? வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம், ஒட்டம், கோசலம், வங்காளம், கங்கை என்று மன்னனின் படை சென்ற வழியெல்லாம் அதில் நீள்கிறது. தமிழகக் கல்வெட்டுகளுள் மிக நெடிய வழிச்செலவுகளுள் ஒன்று அது. அவ்வளவும் எதற்காகப் பொறிக்கப்பட்டது? குந்தவை ஜினாலயத்து அருகனுக்கு ஒரு நந்தாவிளக்குக்கும் திருவமுதுக்கும் மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை பொருள் கொடுத்தாள் என்ற செய்தியைச் சொல்வதற்காக. வரலாற்றாசிரியர்கள் மேற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் தொழில். சாமுண்டப்பை கங்கை வரை செல்லவில்லை. அவள் தன் ஊரின் அருகில் ஒரு விளக்கு எரிவதற்கு வழி செய்தாள்.

வீட்டைப் பற்றிய விடை அங்கிருந்து திரும்பிய வாரத்தில் எனக்குக் கிடைத்தது. சாலையில் அன்று, மாலை அமர்வில். எங்கள் ஊர் ஜினாலயத்துக்குப் பூசை செய்யும் உபாத்தியாயர் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து இருசக்கர வண்டியில் வந்து போய்க்கொண்டிருந்தார். மழை நாட்களில் வரமுடியாது. இப்போது அவர் குடும்பம் எங்கள் வீட்டில் குடியிருக்கிறது. வாடகை இல்லை, வீட்டைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு, என் காலத்துக்குப் பின்னும் பூசை நடக்கும் வரை அவர்களை எழுப்பக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் மகிழ்ந்து ஒப்பினார்களா என்று கேட்பீர்கள். மூத்தவன் ஒப்பினான். இளையவன் நகரத்தில் அடுக்ககம் வாங்க அப்பணத்தை நம்பியிருந்தான். அவன் இன்னும் முன்போல் பேசத் தொடங்கவில்லை. அவனுடைய நியாயமும் எனக்குப் புரிகிறது. அது நடந்துகொண்டிருக்கும் செய்தி.

இந்த உரையைக் கேட்டுவிட்டு இளைஞர்கள் சிலர் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படக்கூடும், புறப்படவேண்டும். அவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இரவில் ஓட்டாதீர்கள். கல்வெட்டுகளின்மேல் சுண்ணக்கட்டியோ மாவோ பூசிப் படம் எடுக்காதீர்கள். எழுத்து தெரியவில்லையென்றால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், தானே தெரியும். போகும் மலையின் அடியில் உள்ள ஊராரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறுங்கள். மலையைக் காப்பவர்கள் அவர்கள்தாம். திரும்பி வந்ததும் படங்களை அனுப்புவதற்கு முன்பு ஒரு மாலையேனும் அமருங்கள். திருநாதர் குன்றுக்கு நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். வருகிற ஞாயிறு விடியற்காலையில் நான் செல்கிறேன். வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பாறை சுடும், எட்டு மணிக்குள் இறங்கிவிடவேண்டும். வர விரும்புவோர் உணவுக்கூடத்தின் வாயிலில் என்னிடம் பெயர் சொல்லலாம்.